இறாலின் சர்க்கரையும் வெண்புள்ளி வைரஸும்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறும் கடலுணவில் இறாலுக்குத் தனி இடம் உண்டு. அதைக் கரையோரக் குளங்களில் வளர்ப்பவர்கள் எல்லாவற்றையும்விட அஞ்சுவது வெண்புள்ளி நோய்க்கு. 1990களின் தொடக்கத்தில் கிழக்காசியாவில் தலைகாட்டிய இந்த நோயின் வைரஸ், 1994-95இல் தமிழக, ஆந்திரக் கரைப் பண்ணைகளைச் சூறையாடியது. அன்றைய வரி இறாலையும் விடவில்லை, 2009க்குப் பின் வந்த வனாமி இறாலையும் விடவில்லை. நோய் கண்ட குளத்தில் 3 முதல் 10 நாளுக்குள் மொத்த இறாலும் மடிந்துவிடலாம்.

ஓட்டில் வெள்ளைப் புள்ளி தெரியும்போது காலம் கடந்திருக்கும். பல நேரம் அதற்கு முன்பே இறால் தீனியை ஒதுக்கி, குளத்தோரம் வந்து சோர்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் உள்ளே நடப்பதைத் தைவான் ஆய்வாளர்கள் வனாமியில் மணிக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள்.

வைரஸுக்குச் சொந்த வளர்சிதை மாற்றம் கிடையாது. அதன் டிஎன்ஏவோ சுமார் 3 லட்சம் கார இணைகள் நீளம். அத்தனையையும் படியெடுக்கக் கச்சாப்பொருள் வேண்டுமே! தொற்றிய 12ஆம் மணியளவில் இறாலின் ரத்த அணுக்கள் சர்க்கரையை வழக்கத்தைவிட வேகமாக இழுக்கின்றன. அதை முழுதாக எரிக்காமல் பாதியிலேயே லாக்டிக் அமிலமாக்கிவிடுகின்றன. ஆற்றல் கணக்கில் இது பெரும் நஷ்டம். ஆனால் சர்க்கரை உடையும் பாதையில் கிளைபிரியும் பொருள்களிலிருந்துதான் டிஎன்ஏவின் துண்டுகள் உருவாகின்றன. வைரஸுக்கு வேண்டியது அதுவே. புற்றுநோய்ச் செல்களிடம் இதே போக்கை ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டார். முதுகெலும்பில்லாத ஓர் உயிரிலும் வைரஸ் அதே வழியைத் திறப்பது எனக்குப் பெரும் வியப்பு.

கொழுப்பின் கதை இன்னும் நுட்பமானது. 12ஆம் மணியில் சேமித்த கொழுப்பு கரைகிறது. 24ஆம் மணியில் போக்கு தலைகீழாகி, கொழுப்பு புதிதாகச் சேர்கிறது. அப்போது வைரஸ் துகள்களுக்கு உறை போர்த்தியாக வேண்டும். உறைக்குக் கொழுப்பு தேவை.

இந்த மாற்றங்களை முடுக்கும் எம்டோர் என்ற செல் சமிக்ஞையை ஆய்வகத்தில் டோரின் என்ற வேதிப்பொருளால் தடுத்தபோது வைரஸ் பெருக்கம் குறைந்தது. குளத்தில் போட அப்படி ஒரு மருந்து கிடையாது. நம்மைப்போல எதிர்ப்பான்களை உருவாக்க இறாலால் முடியாது என்பதால் வழக்கமான தடுப்பூசிக்கும் வழியில்லை. ஆகவே நோய் வராமலும் பரவாமலும் காப்பதுதான் மிச்சம். நோய் கண்ட குளத்து நீரைக் குளோரின் போடாமல் ஓடையில் திறந்துவிடுவது அண்டைப் பண்ணையாளருக்குச் செய்யும் கொடுமை. குஞ்சு வாங்கும்போதே வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் சோதனை, கரையைச் சுற்றி நண்டு ஏறாத வேலி, செத்த இறாலைக் காகம் தூக்கிப்போய் அடுத்த குளத்தில் போடாமலிருக்க மேலே வலை. குளத்துத் தீனித் தட்டில் தீனி மிஞ்சினால் அன்றைக்கே மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.