அடிக்கும் கணவனைப் போலீஸ் பிடிக்குமா?

மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஒரு பெண். கணவன் அடித்து விட்டான். அழுதபடி மகளிர் போலீஸ் நிலையத்துக்கு ஓடுகிறாள். "ஒரு வாரமாவது அவரை உள்ளே வையுங்கள் அம்மா" என்று கெஞ்சுகிறாள். வைக்க முடியுமா?

போலீசாராக வைக்க முடியாது. யாரைப் பிடித்தாலும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும்.

மனைவியைக் கொடுமைப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை என்று 1983-ல் சட்டம் வந்தது. அதுதான் 498-ஏ பிரிவு. 2024 ஜூலை முதல், புதிய சட்டத்தில் 85-வது பிரிவு. வாரண்டு இல்லாமலே கைது செய்யலாம். ஆனால் புகார் வந்த உடனே பிடித்து விடக்கூடாது, கைது அவசியம்தானா என்று பார்த்துக் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது. நியாயந்தான். பொய்ப் புகாரில் வயதான மாமியாரும் சிறைக்குப் போகக்கூடாது அல்லவா?

அப்படியானால் அடிபட்டவளின் கதி?

2006-ல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது. பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். அவர் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம். "இவளை அடிக்காதே" என்று கோர்ட்டு உத்தரவு போடும். அவசரமானால் கணவன் வரும்வரை காத்திராமலே இடைக்கால உத்தரவும் போடலாம்.

அதை மீறிக் கை ஓங்கினானா? வாரண்டு வேண்டாம், போலீசார் பிடிக்கலாம். ஜாமீன் கேட்டு வாங்கும் உரிமையும் அவனுக்கு இல்லை. கோர்ட்டு மனம் வைத்தால்தான் உண்டு. ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உத்தரவின் நகல் இலவசம். போலீஸ் நிலையத்துக்கும் ஒன்று போகும். இருந்தாலும் தன் நகலைப் பெட்டிக்கு அடியில் போட்டு விடாமல், கைக்கு எட்டும் இடத்தில் அவள் வைத்துக்கொள்வது நல்லது.