சிறைக்குப் போன விமானி மீண்டும் வானில் பறந்தார்!

காஞ்சீபுரத்தின் தென்கோடியில், பாலாற்றங்கரையில் இருக்கிறது செவிலிமேடு. பட்டு நெசவுக்குப் பேர் பெற்ற பூமி அது. தறியில் பாவு இழை அறுந்துவிட்டால் நெசவாளி என்ன செய்வார்? சேலையை வெட்டி எறிவாரா? மாட்டார். அறுந்த முனையைத் தேடிப் பிடிப்பார். முடிச்சுப் போடுவார். மேலே நெய்வார்.

மனிதனுடைய வாழ்க்கை அறுந்து போனால் அதையும் இப்படிப் பிணைக்க முடியுமா? அதுவும், பல உயிர்களைச் சுமந்து செல்லும் ஒரு விமானியின் வாழ்க்கையை?

முடியும் என்று காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் அமெரிக்க விமானி லைல் புரௌஸ்.

இரவில் குடி, காலையில் விமானம்

புரௌஸ், வியட்நாம் போரில் போர் விமானம் ஓட்டியவர். பிறகு "நார்த்வெஸ்ட்" விமானக் கம்பெனியில் கேப்டன் ஆனார். கை நிறையச் சம்பளம். ஊரில் மதிப்பு. ஆனால், கூடவே குடிப்பழக்கமும் இருந்தது.

1990-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி இரவு, அவரும் உடன் பணியாற்றிய இரண்டு விமானிகளும் மதுக்கடையில் அமர்ந்து குடித்தனர். மறுநாள் காலையிலேயே பார்கோ நகரில் இருந்து மினியாபொலிஸ் நகருக்குப் பயணிகளுடன் விமானத்தை ஓட்டிச் சென்றனர்.

விமானம் பத்திரமாகத் தரை இறங்கியது. இறங்கியதும் மூவரும் பிடிபட்டனர். ரத்தத்தைச் சோதித்தார்கள். விமானிக்கு 0.04 சதவீதத்துக்கு மேல் சாராயச் சத்து இருக்கக்கூடாது. புரௌசின் ரத்தத்தில் இருந்ததோ 0.13 சதவீதம்!

வேலை போனது. லைசென்சு போனது. கோர்ட்டு அவருக்கு 16 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. "இந்த மனிதர் இனி விமானத்தின் பக்கமே வரமுடியாது" என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

டாக்டரின் சான்று

விமானம் ஓட்ட லைசென்சு மட்டும் போதாது. உடலும் மனமும் நலம் என்று டாக்டரின் சான்றும் வேண்டும். அது இல்லாமல் விமானத்தில் கை வைக்க முடியாது.

அமெரிக்காவில் இந்தச் சான்றுக்கு மனுச் செய்பவர், தாம் கோர்ட்டில் தண்டனை அடைந்தது உண்டா என்ற கேள்விக்கும் பதில் எழுதவேண்டும். எத்தனை ஆண்டுக்கு முந்திய தண்டனை ஆனாலும் மறைக்கக்கூடாது. பொய் எழுதினால் அதுவே புதிய குற்றம். அதற்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு!

உண்மையை எழுதினால் சான்று கிடைக்காதா? அப்படி இல்லை. குடிப்பழக்கத்தை அங்கே ஒரு நோயாகவே கருதுகிறார்கள். சிகிச்சை பெற்று, குடியை அடியோடு விட்டு, அதை டாக்டர்கள் முன் நிரூபித்தவருக்குத் தனி அனுமதி கொடுக்கிறார்கள். இப்படி விமானிகளைத் திருத்தி மீட்கும் திட்டம் 1970-களிலேயே அங்கு தொடங்கிவிட்டது.

புரௌஸ் சிகிச்சை பெற்றார். சிறையில் இருந்தபோதும், வெளியே வந்த பிறகும் மதுவைத் தொடவில்லை. புதிதாகப் பயிலும் மாணவனைப்போல முதல் படியில் இருந்து தொடங்கி, ஒவ்வொரு லைசென்சாகத் திரும்பப் பெற்றார். அவருக்குத் தண்டனை கொடுத்த நீதிபதியே, பறப்பதற்கு விதித்த தடையை நீக்கினார்!

1993-ல் அதே கம்பெனி அவரை மீண்டும் வேலைக்கு அழைத்தது. 1998-ல், 60 வயதில், ராட்சத "ஜம்போ" விமானத்தின் கேப்டனாக அவர் ஓய்வு பெற்றார். 2001 ஜனவரியில், ஜனாதிபதி கிளிண்டன் பதவி விலகும் நாளில் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

நம் நாட்டில்

நம் நாட்டில் விமானி, விமானம் ஏறுவதற்கு முந்திய 12 மணி நேரத்துக்கு மதுவைத் தொடக்கூடாது. சோதனையில் முதல் முறை பிடிபட்டால் 3 மாதம் லைசென்சு நிறுத்தம். இரண்டாம் முறை 3 ஆண்டு. மூன்றாம் முறை லைசென்சே ரத்து!

பழைய வழக்கு உள்ளவரின் கதி என்ன? 1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி, சிறைக்கு அனுப்பாமல் விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனையால் வரும் தகுதிக்குறைவு கிடையாது. இளமையில் செய்த சிறு தவறை வேலை கொடுப்போர் மன்னிக்கலாம் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனால் மனுவில் உண்மையைத்தான் எழுதவேண்டும் என்றும் அது கண்டிப்பாகக் கூறியது. உண்மையைச் சொன்னாலும், வேலை கொடுப்பதா வேண்டாமா என்று ஆராயும் உரிமை அவர்களுக்கு உண்டு.

புரௌஸ் செய்த குற்றம் சிறியது அல்ல. அன்று விமானம் விழுந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் அழுதிருக்கும்! அதனால்தான் தண்டனையும் கடுமையாக இருந்தது. அவர் அதை அனுபவித்தார். குற்றத்தை மறைக்கவில்லை. குடிக்குத் திரும்பவில்லை.

அறுந்த இழையை மறைத்து நெய்தால் சேலையில் ஓட்டை விழும். எடுத்து முடிந்தால்தான் நெசவு நிற்கும். செவிலிமேட்டு நெசவாளிக்கு இது தெரியும். வீட்டில் வழுக்கி விழுந்த பிள்ளை ஒருவன் இருந்தால், அவனுக்கும் இதைச் சொல்லுங்கள்.