பரீக்ஷை மட்டும் போதுமா?

சீன ஞானி கன்பூஷியஸின் பெயரைச் சொல்லி இரு கட்சியார் இன்றும் வாதாடி வருகின்றனர். அவர் கீழ்ப்படிதலைப் போதித்தவர். ஆகவே ஒழுங்கை நாடும் சர்க்காருக்கு உகந்தவர் என்பது ஒரு கட்சி. அவர் கீழ்ப்படிதலைப் போதித்தவர். ஆகவே சுதந்திரத்தை நாடும் ஜனங்களுக்கு ஆகாதவர் என்பது மற்றொரு கட்சி. இரு கட்சியாரும் அவருடைய உபதேசத்தில் பாதியையே படித்திருக்கின்றனர் என்பது நமது அபிப்பிராயம்.

கி.மு. 551-ல் லூ ராஜ்யத்தில் பிறந்த அப்பெரியாரை, நிர்வாகம் கைக்கு வந்தால் முதற்காரியம் யாது என்று சீடர் ஒருவர் வினவினார். பெயர்களைத் திருத்துவதே முதற்காரியம் என்றார் அவர். அரசன் என்று பெயர் தாங்கியவன் அரசனுக்குரிய தர்மத்தைச் செய்ய வேண்டும். மந்திரி என்று பெயர் தாங்கியவன் மந்திரிக்குரியதைச் செய்ய வேண்டும். பெயர் ஒன்றும் செய்கை வேறுமானால், தண்டனையும் நீதி தவறும். ஜனங்களுக்குக் கை வைக்க இடமும் கால் வைக்க இடமும் தெரியாமற் போகும். அரசனுக்கு ஊழியம் புரிவது எவ்வாறு என்று கேட்ட சீடருக்கோ, அவனை வஞ்சிக்கலாகாது, ஆனால் முகத்துக்கு நேரே மறுத்துரைக்கலாம் என்று விடையளித்தார். அடிமைக்கு உபதேசிக்கும் மொழியா இது?

பிற்காலத்து உலகம் சீனாவிடமிருந்து விரும்பிக் கற்றுக்கொண்டது பரீக்ஷை முறையை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றி, 1905-ல் ரத்தாகும் வரையில், சுமார் 1,300 வருஷ காலம் அம்முறை அங்கே நிலவியது. பக்ஷபாதத்துக்கு இடமின்றி, விடைத்தாளில் எழுதியவன் பெயரை மறைத்தனர். கையெழுத்தும் அடையாளம் தெரியாதபடி வேறொருவரைக் கொண்டு பிரதி எடுத்துத் திருத்துவதும் உண்டு. பிறப்பைக் காட்டிலும் கல்வி பெரிது என்ற கொள்கைக்கு இது ஒரு வெற்றியே. ஆயினும் பெண்களுக்கு அங்கே இடமில்லை. பிள்ளையைப் பல்லாண்டு படிக்க வைக்க வசதியற்ற குடியானவனுக்கும் வாயில் திறந்திருந்தது பெயரளவிலேதான். இந்திய சிவில் உத்தியோகங்களுக்கு லண்டனில் போட்டிப் பரீக்ஷை 1855-ல் தொடங்கியது. அம்முறையைப் பற்றி பிரிட்டனில் விவாதம் நிகழ்ந்த காலத்தில், சீனாவின் உதாரணமும் எடுத்துக் காட்டப்பட்டது.

பரீக்ஷை வந்தது, இடித்துரைக்கும் கடமை கூட வந்ததா? இதுவே நாம் கேட்கும் கேள்வி.

மிங் வம்ச காலத்தில் ஹாய் ருய் என்றொரு உத்தியோகஸ்தர் இருந்தார். உயர்ந்த பட்டத்துக்குரிய தலைநகர்ப் பரீக்ஷையில் அவர் ஒருபோதும் தேறவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அவர் ஜில்லா அதிகாரியாக இருந்தபோது, தாயாரின் பிறந்த நாளுக்கு சிறிது மாமிசம் வாங்கியதே மேலதிகாரிகள் வியந்து பேசும் செய்தியாயிற்றாம், கைச்சுத்தம் அத்தகையது. ஜியாஜிங் சக்கரவர்த்தி ராஜ்ய காரியங்களைக் கைவிட்டு, சாகாவரம் தேடும் சடங்குகளில் மூழ்கிக் கிடந்தார். 1566-ல் ஹாய் ருய் அவருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பி, குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். அனுப்புமுன் தமக்குச் சவப்பெட்டி வாங்கி வைத்து, குடும்பத்தாரிடம் விடையும் பெற்றுக்கொண்டார். சிறையே பரிசாயிற்று. 1567-ல் சக்கரவர்த்தி மரணமடைந்த பின்னரே விடுதலை பெற்றார். பிறகு பெரு நிலக்காரர்கள் அபகரித்த பூமியைத் திரும்பக் கொடுக்கச் செய்ததற்காகப் பதவியையும் இழந்தார்.

நானூறு வருஷங்களுக்குப் பின் இக்கதை மீண்டும் நடந்தது. 1959 ஏப்ரலில் மா சே துங் தமது கட்சியாரை நோக்கி, ஹாய் ருய்யின் தைரியத்தைக் கற்றுக்கொள்ளுமாறு கூறினார். அவ்வருஷமே கோடைகாலத்தில், லூஷான் கூட்டத்தில் தேசத்தின் பொருளாதாரத் திட்டத்திலுள்ள பிழைகளை எடுத்துக்காட்டிய ராணுவ மந்திரி பெங் தேஹுவாய் பதவி நீக்கப்பட்டார். அத்திட்டத்தை ஒட்டி வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டனர். ஹாய் ருய்யைப் பற்றி நாடகம் எழுதிய சரித்திராசிரியர் வூ ஹான் 1965 நவம்பரில் தாக்கப்பட்டு, 1969-ல் சிறையில் உயிர் நீத்தார். அவர் மீதிருந்த பழி 1979-ல்தான் துடைக்கப்பட்டது. இடித்துரைப்பவனை மேடையிற் புகழ்வது எளிது. எதிரில் நின்றால் பொறுப்பது அரிது!

இதனால் கன்பூஷிய முறையின் குறை யாதென்பதும் விளங்கும். உண்மை பேசுவதை அது கடமையாக்கியது. பேசியவனைக் காக்கச் சட்டம் செய்யவில்லை. அரசனின் நற்குணத்தையே நம்பி நின்றது. ஸன் யாட் ஸென் இக்குறையை உணர்ந்து, சட்டசபை, நிர்வாகம், நீதி என்ற மூன்றுடன் பரீக்ஷைக்கும் கண்காணிப்புக்கும் தனித் தனி அதிகாரம் வேண்டுமென்றார். 1947-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தில் அவ்விரண்டும் இடம்பெற்றன.

உத்தியோகஸ்தர்களுக்கு மட்டுமே இது பாடமன்று. ஸ்தாபனங்களில் உழைக்கும் தொண்டர்களுக்கும் இதுவே பாடம். தலைவர் மனம் கோணுமே என்று கணக்கை மறைக்கும் காரியதரிசி, தொண்டன் என்ற பெயருக்கு அருகனல்லன். அவன் தலைவரையும் வஞ்சிக்கிறான், ஜனங்களையும் வஞ்சிக்கிறான். அறிவைச் சோதிக்க ஆயிரம் பரீக்ஷைகள் உண்டு. துணிவைச் சோதிக்கும் பரீக்ஷை ஒன்றே. அதற்கு முன்கூட்டி அறிவிப்பு வருவதில்லை. துணிந்து பேசியவன் சவப்பெட்டி வாங்க வேண்டிய அவசியமில்லாத ராஜ்யமே நல்ல ராஜ்யம். அத்தகைய ராஜ்யத்தைச் சட்டத்தால் அமைத்து, பழக்கத்தால் நிலைநிறுத்துவது நம் அனைவர் கடமை.