அச்சத்தைப் பெருக்கிப் பார்த்தவர்

முதல் உலகப்போரில், 1916 முதல் பிரான்ஸ் போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். இங்கிலாந்துக்காரர். குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதால் ஆயுதம் ஏந்த மறுத்தவர். வானிலையைக் கணக்கிட்டே முன்னறிவிக்கலாம் என்று வழிகாட்டிய முன்னோடியும் அவர்தான். காற்றின் போக்குக்குச் சமன்பாடு எழுதியவர், நாடுகளின் ஆயுதப் போட்டிக்கும் எழுதினார்.

ஒரு நாட்டின் ஆயுதச் செலவை மூன்று விசைகள் அசைக்கின்றன என்று அவர் எடுத்துக்கொண்டார். எதிரியின் ஆயுதத்தைக் கண்டு எழும் அச்சம் செலவை ஏற்றும். சொந்த மக்கள் சுமக்கும் பளு அதை இறக்கும். பழைய பகையோ எப்போதும் ஒரே அளவில் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். எதிரி நாட்டுக்கும் இதேபோல் ஒரு சமன்பாடு.

இரண்டையும் சேர்த்துத் தீர்த்தால் வருவது என்னை இன்றும் வியக்கவைக்கிறது. ஒவ்வொரு விசையும் எவ்வளவு வலுவாகச் செயல்படுகிறது என்பதைக் காட்டும் எண்ணே அதன் கெழு. இரு நாடுகளின் அச்சக் கெழுக்களைப் பெருக்குங்கள். பளுக் கெழுக்களையும் பெருக்குங்கள். அச்சத்தின் பெருக்கற்பலன் சிறியதானால் ஆயுதக் குவிப்பு ஏதோ ஒரு மட்டத்தில் நின்றுவிடும். பெரியதானால், ஏறத் தொடங்கிய போட்டி ஏறிக்கொண்டே போகும். இந்த நிபந்தனையில் பகைக்கு இடமே இல்லை! நிற்கும் மட்டம் எவ்வளவு உயரம் என்பதை மட்டுமே பகை முடிவு செய்கிறது.

பளுக் கெழு இரண்டு நாடுகளுக்கும் 1 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாடு பதறுகிற நாடு. அதன் அச்சக் கெழு 2. மற்றது நிதானமானது, 0.4. பெருக்கினால் 0.8. ஒன்றைவிடக் குறைவு, ஆகவே நிலைக்கும். பதறும் நாடு கொஞ்சமும் மாறவில்லை. ஒருவரின் நிதானமே இருவரையும் நிறுத்திவிட்டது. அந்த நிதானம் தளர்ந்து 0.6 ஆனால் பெருக்கற்பலன் 1.2. அவ்வளவுதான், கட்டு அறுந்துவிடும். ‘அவன் நிறுத்தினால்தான் நான் நிறுத்துவேன்’ என்ற வாதத்துக்குக் கணிதத்தில் ஆதரவு கிடையாது.

1909 முதல் 1913 வரை பிரான்ஸ்–ரஷ்யா அணியும் ஜெர்மனி–ஆஸ்திரியா-ஹங்கேரி அணியும் சேர்ந்து செய்த ஆயுதச் செலவு சுமார் 20 கோடி பவுண்டிலிருந்து 29 கோடியாக உயர்ந்தது. ஆண்டுதோறும் கூடிய தொகையை மொத்தச் செலவுக்கு எதிரே ரிச்சர்ட்சன் வரைந்தபோது, புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விழுந்தன. செலவு கூடக் கூட, கூடும் வேகமும் ஏறியிருந்தது. இருப்பவை நான்கே புள்ளிகள். இதை நிரூபணம் என்று கொள்ள முடியாது. மனிதர்கள் நின்று யோசிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் தன் சமன்பாடுகள் சொல்கின்றன என்று அவரே எச்சரித்திருக்கிறார்.

யோசித்ததற்கும் சான்றுகள் உண்டு. 1962 கியூபா நெருக்கடிக்கு அடுத்த ஆண்டு வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தொடர்பு அமைந்தது. அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988-இல் உடன்பட்டன; 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அந்நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. பகை அப்படியே இருந்தது, ஆயுதங்களும் குறையவில்லை. ஆனாலும் கார்கில் போர் முடிந்து சில மாதங்களில் வந்த 2000 ஜனவரி 1 அன்றும் பட்டியல்கள் கைமாறின.