எனக்குக் கைராசி இல்லையாம்!

செடி வைப்பதில் சிலருக்குக் கைராசி உண்டு என்பார்கள். குச்சியை ஒடித்து நட்டாலும் துளிர்த்துவிடுமாம். எனக்கு அந்த ராசி கிடையாது என்பது எங்கள் குடும்பத்தில் நெடுநாளைக்கு முன்பே முடிவான தீர்ப்பு. ராசிபுரத்தில் பிறந்து வளர்ந்த நான், கணவரின் வேலையை முன்னிட்டுக் கொல்லிமலை குண்டூர் நாட்டுக்கு வந்து 18 வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் பட்டுப்போன செடிகளை எண்ணினால் ஒரு தோப்பே ஆகியிருக்கும்!

அதற்காகத் தோட்டம் போடாமல் இருக்க முடியுமா? கீழேயிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் காய்கறி, வந்து சேரும்போதே பாதி வாடிவிடுகிறது. கீரையைக் கேட்கவே வேண்டாம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று தெரிந்தது. வளரும் பெண்ணும் பால் கொடுக்கும் தாயும் உள்ள வீட்டில் வாரம் மூன்று நாளாவது கீரை வேண்டாமா?

முதலில் கறிவேப்பிலை. அம்மா வீட்டுக் கிணற்றடியில் காடாக மண்டிக் கிடக்கும். அதிலிருந்து கன்று கொண்டுவந்து வைத்தேன். ஐப்பசி வரை நன்றாக இருக்கும். மார்கழி பிறந்தால் கொழுந்தே விடாமல் அப்படியே நிற்கும். "புளிச்ச மோர் ஊத்து" என்றார் ஒருவர். "தீட்டோட தொட்டிருப்பே" என்றார் இன்னொருவர். விஷயம் வேறு. கறிவேப்பிலை உஷ்ணப் பிரதேசத்து மரம். குளிர் 16 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதன் மொட்டுகள் உறங்கிவிடும். கொல்லிமலையோ கடல் மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். மார்கழி இரவில் கம்பளி இல்லாமல் நமக்கே தூக்கம் வராது. அதற்கு மட்டும் குளிராதா? அந்த இரண்டு மாதமும் தண்ணீரைக் குறைத்து, எருவும் போடாமல் விட்டால், வெயில் ஏறியதும் தானே துளிர்க்கிறது. சுவர் ஓரமாக, வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்தால் இன்னும் நல்லது.

தீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மாதவிலக்கு நாளில் பெண் தொட்டால் செடி கருகும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. நாற்று நடுவதும் களை எடுப்பதும் ஊர் முழுக்கப் பெண்கள்தானே? அத்தனை பேரும் நாள் கணக்குப் பார்த்தா வயலில் இறங்குகிறார்கள்?

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள். இரண்டு முறை கரு கலைந்தவள். புகுந்த வீட்டில் அவளைப் பூசணி விதை ஊன்றவே விடவில்லை. "அவ கை ஆகாது" என்று அவள் காது படவே சொன்னார்களாம். செடியில் ஆரம்பித்த பேச்சு எங்கே போய் நிற்கிறது பாருங்கள்! எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அழைத்து, நாட்டு அவரை விதையை அவள் கையில் கொடுத்தேன்.

சித்திரை மழைக்கு ஊன்றினாள். பந்தல் கொள்ளாத கொடி. புரட்டாசி வரை ஒரு பூ இல்லை. அவள் முகம் சுண்டிவிட்டது. பக்கத்து வீட்டு மலைக்காரப் பாட்டிதான் சொன்னார்: "கை என்ன கண்ணு பண்ணும்? பொழுது சுருங்கட்டும், தானா பூக்கும்."

பாட்டி சொன்னது அசல் விஞ்ஞானம். அமெரிக்க விவசாய இலாகாவில் கார்னர், அல்லார்ட் என்று இரண்டு பேர். ஒரு ரகப் புகையிலை கோடை முழுவதும் இலையாகவே வளர்ந்து பூக்க மறுத்தது. பொழுது சாயும் முன்பே அதை இருட்டு அறைக்குள் வைத்துப் பகலைக் குறைத்தார்கள், பூத்துவிட்டது! 1920-ல் இதை வெளியிட்டார்கள். நம் நாட்டு அவரையும் இதே ஜாதிதான். பகல் குறைந்து இரவு நீண்டால்தான் பூக்கும். அதனால்தான் பெரியவர்கள் ஆடியில் ஊன்றினார்கள். அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்குக் குத்து அவரை இருக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்கள் எந்தப் பருவத்திலும் காய்க்கும்.

கார்த்திகையில் அவள் பந்தல் ஊதாவாகப் பூத்தது. தை வரை பறித்தாள். முதல் கூடையை மாமியாருக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள்! நானாக இருந்தால் கொடுத்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். கீரை விதையை எறும்பு இழுத்துப் போனால், பாத்தியைச் சுற்றி ஒரு பிடி நொய் தூவுங்கள். எறும்பு அதோடு திருப்திப்பட்டுக் கொள்ளும். கொத்தமல்லியை முழுசாக விதைக்காமல், லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். நாமக்கல் பக்கம் கோழி எரு தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும். இரண்டு மூன்று மாதம் மண்ணோடு கலந்து மட்க விட்ட பிறகே போடலாம்.

கையே ஆகாது என்று பேர் வாங்கியவர்களுக்கு மலைப்பக்கத்தில் சௌசௌ இருக்கவே இருக்கிறது. விதைக்கு அலைய வேண்டாம். காய்க்குள் இருப்பது ஒரே விதை. அதைத் தனியே எடுக்கவும் கூடாது. முற்றிய காயைச் சமையலறை மூலையில் போட்டு வைத்தால் தானே முளை விடும். காயோடு பாதி புதைத்து, பந்தல் போட்டால் போதும். கால்களை மட்டும் நல்ல கனமாக நடுங்கள். போன வருஷம் காய்ப்புத் தாங்காமல் எங்கள் வீட்டுப் பந்தல் சாய்ந்தே விட்டது.