மரபணுவைச் சுமக்க வைரஸுக்கு மாற்று: மக்கும் பாலிமர் கை கொடுக்குமா?

புது தில்லி: தண்டுவட தசைநார்ச் சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட மும்பைக் குழந்தை ஒன்றுக்காக 2021-ஆம் ஆண்டு வெளிநாட்டிலிருந்து சுமார் ரூ.16 கோடி விலையுள்ள மருந்து தருவிக்கப்பட்டது. மருந்துக்கான பணம் பொதுமக்களின் நன்கொடையால் திரண்டது. சுமார் ரூ.6 கோடி வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்தது. 'ஸோல்ஜென்ஸ்மா' என்ற அம்மருந்து, ஒரே ஒரு முறை செலுத்தப்படும் மரபணு சிகிச்சையாகும்.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021 மார்ச்சில் வெளியானது. அதன்படியான நிதியுதவி உச்சவரம்பு 2022 மே மாதம் ரூ.50 லட்சமாக உயர்த்தப்பட்டது. ரூ.50 லட்சத்துக்கும் ரூ.16 கோடிக்கும் இடையிலுள்ள தூரத்தை வரிச்சலுகையால் மட்டும் கடந்துவிட இயலாது.

வாகனமே சுமை

குறையுள்ள மரபணுவுக்கு மாற்றாக நல்ல மரபணுவை உயிரணுவுக்குள் சேர்க்க, நோய் உண்டாக்காதபடி மாற்றப்பட்ட வைரஸே இம்மருந்தில் வாகனமாகப் பயன்படுகிறது. உயிருள்ள செல்களில் அதனை உருவாக்கித் தூய்மைப்படுத்துவது பெரும் செலவு பிடிக்கும் பணி. அவ்வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் உடலில் மிகுந்திருந்தால் சிகிச்சை பலனளிக்காது. மறுமுறை செலுத்துவதும் கடினம். 1999-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பரிசோதனையில் வேறொரு வைரஸ் வாகனத்தால் ஏற்பட்ட கடும் எதிர்வினையில் 18 வயது ஜெஸ்ஸி ஜெல்சிங்கர் உயிரிழந்தார்.

சிதைவதே சிறப்பு

டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் கொண்டது. நேர்மின்னூட்டமுள்ள பாலிமர் அதனை ஈர்த்து, செல் விழுங்கக்கூடிய நுண்துகளாகச் சுருட்டிவிடும். 1995-இல் இதற்கெனப் பயன்படுத்தப்பட்ட பாலிஎத்திலீன் இமைன் திறன் மிக்கது. ஆனால் எளிதில் சிதையாமல் தங்கி, செல்களுக்கு நஞ்சானது. எனவே இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் போன்ற மக்கும் பாலிமர்களின் மீது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியது. பணி முடிந்ததும் இவை சிறு மூலக்கூறுகளாகச் சிதைந்து உடலை விட்டு நீங்கிவிடும்.

எனினும் ஆய்வகத்தில் கிட்டும் வெற்றி உடலுக்குள் எளிதில் கிட்டுவதில்லை. ரத்தப் புரதங்கள் துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன. செல்லுக்குள் நுழைந்தவற்றிலும் பெரும்பகுதி உட்கருவை எட்டுமுன்னே அழிந்துவிடுகிறது. இதனால் வைரஸ் வாகனங்களின் இடத்தைப் பாலிமர்களால் இன்னும் பிடிக்க முடியவில்லை.

கேட்கப்பட வேண்டிய கேள்வி

வைரஸ் அல்லாத வாகனம் இந்தியாவுக்குப் புதிதன்று. தில்லியிலுள்ள மரபணுவியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தில் பெப்டைடுகளைக் கொண்டு தோலுக்குள் மரபணுவைச் செலுத்தும் ஆய்வுகள் நடந்துள்ளன. புணேயின் ஜென்னோவா நிறுவனம், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியுதவியுடன் உருவாக்கிய எம்.ஆர்.என்.ஏ. கரோனா தடுப்பூசிக்கு 2022 ஜூனில் அவசரகால அனுமதி கிடைத்தது. அதில் கொழுப்பு நுண்துகளே வாகனம்.

பெருந்தொற்றின்போது கிடைத்த அதே முனைப்பும் நிதியும் அரிய நோய்களுக்கும் கிடைக்குமா என்பதே கேள்வி. மருந்து வாங்க எவ்வளவு உதவி என்பதோடு, அதைச் சுமக்கும் வாகனத்தை உள்நாட்டிலேயே உருவாக்க எவ்வளவு ஒதுக்கீடு என்பதையும் மக்கள் பிரதிநிதிகள் அவையில் கேட்டாக வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு குழந்தையின் பெற்றோரும் தனித்தனியே ஊரார் முன் கையேந்தும் நிலை நீடிக்கும்.