தண்ணீர் இறங்கும்போதே குறித்துவிடுங்கள்

மேட்டூர் அணையில் தண்ணீர் குறைகிற ஆண்டுகளில் நாளிதழ்களில் ஒரு படம் தவறாமல் வரும். பண்ணவாடிப் பக்கம், நீருக்குள்ளிருந்து தலை நீட்டும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. சற்றுத் தள்ளிப் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம். 1934இல் அணை கட்டி முடிந்தபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம் அது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அது 80 அடியை ஒட்டி இறங்கும்போது கோபுரமும், 70 அடியை ஒட்டி இறங்கும்போது நந்தியும் தெரியத் தொடங்கும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும்.

பரிசல்காரருக்கு இதில் வேறு கணக்கு உண்டு. முழுதாக வெளியே தெரிகிற நந்தியால் அவருக்குத் தொல்லை இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடுவார். இருபது அடி ஆழத்தில் கிடக்கும்போதும் தொல்லை இல்லை. ஓர் அடித் தண்ணீருக்குக் கீழே அது மறைந்து நிற்கும் நாட்களில்தான் பயம். தண்ணீர் இறங்கும்போது ஒருமுறை, மறுபடி ஏறும்போது ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு தடவை அந்த நாட்கள் வரலாம். இறங்கும்போது எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். ஏறும்போது மறந்துவிடுவார்கள். புதுத் தண்ணீர் கலங்கலாக வேறு இருக்கும், அடியில் ஒன்றும் தெரியாது.

சென்னையின் மேற்குப் புறநகரில் இருக்கும் நம் கள்ளிக்குப்பத்துக்கு மேட்டூர் தூரம்; புழல் ஏரி தூரமில்லை. 1876இல் கட்டப்பட்ட ஏரி, முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, உயரம் 21.20 அடி. 2019 ஜூன் மாதம் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நான்கிலும் சேர்த்துக் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த நாட்கள் அவை, ஏரிக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்க யாருக்கும் மனம் இருந்திருக்காது. ஆனால் பார்ப்பதற்கு அதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

வற்றிய ஏரிக்குள் நடந்தவர்களுக்குத் தெரியும். வெட்டியெடுத்த கருவேல மரங்களின் அடிக்கட்டை, தண்ணீர் இல்லாத காலத்தில் முளைத்துவிட்ட சீமைக்கருவேலம், மதகை ஒட்டிய பழைய கல் கட்டுமானம், இரவோடு இரவாகக் கொட்டிவிட்டுப் போன கட்டட இடிபாடு, அதிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் கம்பி, அறுந்த வலை. ஒரு முழ உயரக் கட்டை பைபர் படகின் அடியைக் கிழிக்கப் போதும். மோட்டார் படகென்றால் விசிறி முதலில் போகும், பிறகு படகு காற்று தள்ளும் பக்கம் போகும். மீன்பிடிக்கிறவர்கள் சிலர் தெர்மாகோல் பலகையிலேயே உட்கார்ந்து வலை விடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு கம்பி முனை போதும்.

மேட்டுக்கு இணையாகப் பள்ளமும் ஆபத்து. தூர்வாரும்போதும் சவுடு மண் எடுக்கும்போதும் ஏரிக்குள் ஆழக் குழி விழுகிறது. கோடையில் பார்த்தால் லாரி இறங்கி ஏறுகிற பள்ளம். நான்கு மழை பெய்ததும் முழங்கால் தண்ணீருக்கு நடுவே இரண்டு ஆள் ஆழக் கிணறு. படகு தட்டி நின்றால் இறங்கித் தள்ளலாம் என்று நினைக்கிறவரும், மாட்டைக் குளிப்பாட்ட இறங்குகிற பையனும் அதில்தான் போகிறார்கள்.

புழல் குடிநீர் ஏரி என்பதால் குளிக்கவோ நீந்தவோ இறங்கக் கூடாது, அது வேறு விஷயம். ஆனால் ஆவடி பருத்திப்பட்டு ஏரி 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது முதல் மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு ஏரி என்றால் பொழுதுபோக்கு என்றும் ஆகிவிட்டது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) பல ஏரிக்கரைகளை மேம்படுத்தி வருகிறது; இன்று நடைபாதை போடுகிற இடத்துக்கு நாளை படகுத்துறை வராது என்று சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவிலேயே படகு ஓடியது. அப்போது மூழ்கிக் கிடந்த காம்பவுண்டு சுவரும், இரும்பு கேட்டின் ஈட்டி முனையும், மூடியில்லாத வடிகாலும் ஏரிக்குள் நிற்கும் கட்டைக்குச் சளைத்தவை அல்ல.

பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர். 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில், சுற்றுலா வந்த பள்ளிக் குழந்தைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும். இவற்றில் எதுவும் கட்டையில் மோதி நடந்ததல்ல. அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதுதான் மூன்றிலும் பெரிய குற்றச்சாட்டு. பின் ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், தட்டுவது எதுவானாலும் தட்டிய பிறகு யார் பிழைப்பார்கள் என்பதைத் தீர்மானிப்பது படகில் எத்தனை பேர், உடம்பில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்ற இரண்டும்தான். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017இல் படகுப் பாதுகாப்புக்கென்றே தனி வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. எத்தனை படகுத்துறை அலுவலகங்களில் அதன் பிரதி இருக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

குறிப்பது எப்படி என்பதற்கு வருவோம். கட்டை வெளியே தெரியும் நாளில் அதன் பக்கத்திலேயே ஒரு கழியை ஊன்றிவிடுவதுதான் ஆகச் சிறந்த வழி, ஆகச் சிக்கனமும்கூட. கழி ஏரியின் முழு நீர்மட்டத்துக்கு மேலேயும் நான்கைந்து அடி தெரிகிற உயரத்தில் இருக்க வேண்டும். இதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். கோடையில் ஆள் உயரத்துக்கு நட்ட சவுக்குக் கழி கார்த்திகையில் தண்ணீருக்குள் போய்விடும். பிறகு அதுவே இன்னொரு கட்டை. உச்சியில் சிவப்புத் துணி கட்டினால் ஒரே மாதத்தில் வெளுத்துவிடும். லாரியின் பின்பக்கம் ஒட்டுகிற ஒளிரும் ஸ்டிக்கர் சுற்றினால் டார்ச் வெளிச்சத்திலும் மின்னும்.

மிதவை போடுவதென்றால் சங்கிலியின் நீளத்தை யோசிக்க வேண்டும். தண்ணீர் ஏறி இறங்கும் ஏரியில் இது சின்ன விஷயமல்ல. நிறைந்த ஏரிக்கு அளந்து விட்ட சங்கிலி, மட்டம் பத்து அடி இறங்கியதும் தொய்ந்து மிதவையை அலைய விடும். மிதவை ஓரிடத்திலும் கட்டை வேறிடத்திலும் இருக்கும். வற்றிய ஏரிக்கு அளந்து விட்டாலோ, தண்ணீர் ஏறியதும் மிதவையே மூழ்கும். மாதம் ஒருமுறை ஆள் போய்ச் சரிசெய்யாத மிதவையை நம்பி வருகிறவனை அது நேராகக் கட்டையின் மேலேயே கொண்டுவிடும். அமெரிக்காவின் மீட் ஏரியில் 2022இல் நீர்மட்டம் 1930களில் ஏரி நிரம்பிய காலத்துக்குப் பிறகு இல்லாத அளவுக்கு இறங்கி, இரண்டாம் உலகப்போர்க் காலப் படகு ஒன்று வெளியே வந்தது. அங்கே மட்டம் இறங்க இறங்க மிதவைகளை நகர்த்துவதும் படகு இறக்கும் சரிவுகளை மூடுவதும் அன்றாட வேலை.

நிறத்துக்கும் ஒழுங்கு உண்டு. இந்தியா பின்பற்றும் சர்வதேச முறையில், சுற்றிலும் ஆழமிருக்க நடுவில் தனியாக நிற்கும் ஆபத்தைக் குறிக்கும் அடையாளம் கறுப்பு. நடுவில் சிவப்புப் பட்டை. உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கறுப்பு உருண்டை. அமெரிக்க ஏரிகளில் வெள்ளை மிதவையில் ஆரஞ்சு நிறச் சாய்சதுரம் வரைந்திருந்தால் ஆபத்து. அதற்குள் பெருக்கல் குறி போட்டிருந்தால் படகு உள்ளே வரவே கூடாது. நம் ஏரியில் இதையெல்லாம் படித்தவர்கள் குறைவு என்பதால், ‘கட்டை’, ‘குழி’, ‘கம்பி’ என்று தமிழில் பெரிதாக எழுதிய பலகையும் கூடவே இருக்கட்டும்.

ஊர்க்காரர்கள் தாங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கட்டையோ குழியோ தெரியும் நாளில் கைப்பேசியில் லொகேஷனோடு ஒரு படம் எடுத்து, அன்றைய ஏரி மட்டத்தையும் குறித்துக்கொள்வது. புழலின் மட்டம் தினமும் வெளியாகிறது. உதாரணத்துக்கு, ஒரு கட்டை 9 அடி மட்டத்தில் தலைகாட்டியது என்று எழுதி வைத்திருந்தால், ஏரி 10 அடியைத் தொடும் அன்று அது ஓர் அடி ஆழத்தில் பதுங்கியிருக்கிறது என்று வீட்டிலிருந்தே சொல்லலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: புழலின் முழு மட்டத்தைச் சில இடங்களில் 21.20 அடி என்றும், குடிநீர் வாரியப் பட்டியலில் கடல்மட்டக் கணக்கில் 50.20 அடி என்றும் பார்ப்பீர்கள். இரண்டும் ஒன்றேதான். எந்தக் கணக்கில் குறித்தீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.

இனி, யாரிடம் கேட்பது. கள்ளிக்குப்பத்துக்கு மாநகராட்சி சென்னை, போலீஸ் கமிஷனரேட் ஆவடி, ஏரி நீர்வளத் துறை, அதிலுள்ள தண்ணீர் குடிநீர் வாரியத்துக்கு, மீன் மீன்வளத் துறைக்கு. ஆளுக்கொரு பக்கம் கைகாட்ட வசதியான ஏற்பாடு. அதனால் மனுவை நீர்வளத் துறை உதவிச் செயற்பொறியாளருக்கு எழுதி, நகலைக் கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். முதல்வரின் உதவி எண் 1100இல் பதிந்தாலும் எண் ஒன்று கிடைக்கும். அந்த எண்தான் பின்னால் சாட்சி.

மனு கிடப்பில் கிடந்தால் சட்டம் இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133தான். பொது வழியையோ பொது இடத்தையோ ஒட்டிய குளம், கிணறு, தோண்டிய பள்ளம் எதற்கும் வேலி போடச் சொல்லவும், பொதுமக்கள் பயன்படுத்தும் நீர்வழியில் உள்ள தடையை அகற்றச் சொல்லவும் கலெக்டருக்கும் கோட்டாட்சியருக்கும் அதில் அதிகாரம் உண்டு. மண் எடுத்துவிட்டு மூடாமல் போன குழிக்கு அது பொருந்தும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயமென்றால் 48 மணி நேரம். ‘பாதுகாப்பாக இருக்கிறதா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். எந்தத் தேதியில் தடைகள் கணக்கெடுக்கப்பட்டன, எந்த இடங்களில் குறியீடு வைக்கப்பட்டது, அந்தக் கோப்பின் நகல் வேண்டும் என்று கேளுங்கள்.

கூலிக்கு ஆள் ஏற்றும் படகு பழுதாகவோ அளவுக்கு மீறிய பாரத்தோடோ ஓடினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 284ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். படகோட்டிகளைத் தவறான வழியில் செலுத்தும் என்று தெரிந்தே பொய் அடையாளம் வைப்பவருக்கு 283இல் ஏழாண்டு வரை சிறை. வழிகாட்டும் அடையாளத்தை அழிப்பதும் இடம் மாற்றுவதும் 326ஆம் பிரிவில் வருகிறது. அதற்கும் ஏழாண்டு வரை போகலாம். நல்ல மூங்கிலாக இருக்கிறதே என்று பிடுங்கிக்கொண்டு போய்ப் பந்தல் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. மோட்டார் படகுக்கு உள்நாட்டு நீர்வழிக் கலங்கள் சட்டம் 2021இன்படி பதிவும் தகுதிச் சான்றும் வேண்டும். ஏரியும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும்.

டிக்கெட் வாங்கி ஏறியவர் நுகர்வோர். அவர் இறந்துவிட்டால் வாரிசுகள் வழக்குப் போடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டுத் தொகை அல்ல, கொடுத்த கட்டணம். ஆகவே எவ்வளவு இழப்பீடு கேட்டாலும் படகு சவாரி வழக்கு மாவட்ட ஆணையத்துக்குத்தான் போகும், மனுக் கட்டணமும் கிடையாது. விபத்து ஊட்டியில் நடந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே தொடுக்கலாம். கெடு இரண்டு ஆண்டு. டிக்கெட்டின் பின்னால் ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சிட்டிருப்பது உங்களை வழக்குத் தொடுக்க விடாமல் தடுக்காது. டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள், ஏறும் முன் துறையில் உள்ள அறிவிப்புப் பலகையை, அது இல்லையென்றால் இல்லாத அந்த இடத்தை, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படகு எதிலாவது தட்டிவிட்டால் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து பார்க்காதீர்கள். படகு கட்டையின் மேல் நிற்கும்வரை ஓட்டை அடைபட்டிருக்கலாம். அவசரப்பட்டு இழுத்துவிட்டால் தண்ணீர் உள்ளே வரும். ஜாக்கெட்டின் பக்கிளைச் சரிபார்த்துவிட்டு, 112க்குச் சொல்லுங்கள். கரையில் நிற்பவர் நீந்தத் தெரிந்தாலும் குதிக்க வேண்டாம். கயிறு, கழி, காலி கேன், முடிச்சுப் போட்ட இரண்டு புடவை, எது கையில் கிடைக்கிறதோ அதை எறியுங்கள்.

மனுவுக்கு ஏற்ற மாதம் ஆடி. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடிக்கும். அதற்கு முன் ஏரிக்குள் ஆள் நடந்து போய்க் கழி ஊன்றுகிற அளவுக்குத் தரை தெரியும் காலம் அது. மனுவில் எந்த மதகிலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை, அன்றைய மட்டம் என்ன என்று எழுதி, படத்தையும் இணையுங்கள்.